காந்தம் பெரிதானதுதான் எம்.ஆர்.ஐ. அடைந்த முன்னேற்றமா?

கேள்வி இதுதான்: "எம்.ஆர்.ஐ. கருவி நாற்பது ஆண்டுகளாக மருத்துவமனைகளில் இருக்கிறது. திசுக்களையும் நரம்பு நோய்களையும் ஆராய்வதில் அது புதிதாக எதைச் சாதித்திருக்கிறது? 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா, 7 டெஸ்லா என்று காந்தத்தின் வலிமையைக் கூட்டிக்கொண்டு போனது மட்டும்தானா?"

மூளையின் எம்.ஆர்.ஐ. தரவுகளைக் கணக்கிட்டு ஆராயும் ஆய்வகம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். காந்தத்தின் வலிமை கூடியதால் பலன் உண்டு. ஆனால் நரம்பு நோய் ஆய்வைப் புரட்டிப்போட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை சாதாரண 1.5, 3 டெஸ்லா கருவிகளிலேயே நிகழ்ந்தன. எம்.ஆர்.ஐ.-க்குச் சமிக்ஞை தரும், உடலில் இருக்கும் தண்ணீர் அதே தண்ணீர்தான், அதன் ஹைட்ரஜன் அணுக்கருவும் அதேதான். அதனிடம் எதைக் கேட்கலாம் என்பதைத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் கேட்கப்பட்டது தளர்வு நேரம். காந்தப்புலத்தில் ரேடியோ அலையால் தூண்டப்பட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் எலியின் புற்றுக்கட்டியில் ஒரு மாதிரியும் நலமான திசுவில் வேறு மாதிரியும் இருப்பதை 1971-இல் ரேமண்ட் டமாடியன் வெளியிட்டார். 1973-இல் பால் லாட்டர்பர் அந்தச் சமிக்ஞையை உருவப்படமாக மாற்றும் வழியைக் காட்டினார். பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அதை வேகப்படுத்தினார். பின்னவர்கள் இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியனுக்குக் கிடைக்கவில்லை, அது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. மருத்துவமனைகளில் நாம் காணும் டி1, டி2 படங்கள் எல்லாம் இந்தத் தளர்வு நேர வேறுபாட்டிலிருந்து பிறந்தவைதாம்.

இரண்டாவது கேள்விதான் என் வேலையின் மையம்: தண்ணீர் மூலக்கூறு எவ்வளவு தூரம் நகர்ந்தது? இதை விரவல் (டிஃப்யூஷன்) எம்.ஆர்.ஐ. என்கிறோம். உடல் வெப்பநிலையில், தடையற்ற தண்ணீரில் ஒரு மூலக்கூறு 50 மில்லிவிநாடியில் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் அலைந்து நகர்கிறது. ஓர் உயிரணுவின் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அந்த நேரத்துக்குள் மூலக்கூறு உயிரணுச் சவ்விலும் நரம்பிழையின் உறையிலும் முட்டித் திரும்பியிருக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 2 மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும், அதற்குள் அடங்கிய தண்ணீர் தான் பட்ட தடைகளின் தடயத்தைச் சுமந்து வருகிறது. அந்தத் தடயத்தை வாசிக்கும் முறையை 1965-லேயே ஸ்டெய்ஸ்கல், டேனர் என்ற இருவர் கண்டறிந்திருந்தார்கள். முதலில் ஒரு காந்தச் சரிவை, அதாவது இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தை, சிறிது நேரம் கொடுத்து, ஒவ்வொரு அணுக்கருவையும் அது நிற்கும் இடத்துக்கேற்ப முறுக்கிவிடுகிறோம். சற்றுப் பொறுத்து அதே முறுக்கை எதிர்த்திசையில் அவிழ்க்கிறோம். நகராத அணுக்கருவின் முறுக்கு முழுதாக அவிழ்ந்துவிடும். நகர்ந்துவிட்டதோ அரைகுறை முறுக்கோடு நிற்கும், அந்த அளவுக்குச் சமிக்ஞை மங்கும். 1980-களின் நடுவில் டெனி லெ பியான் இதை மனித மூளையின் படமாக்கினார்.

1990-இல் மைக்கேல் மோஸ்லியும் உடன் பணியாற்றியவர்களும் பூனைகளின் மூளைத் தமனியை அடைத்துப் பார்த்தபோது, டி2 படத்தில் ஒன்றுமே தெரியாத நேரத்தில் விரவல் படத்தில் பாதிக்கப்பட்ட பகுதி பளிச்சென்று ஒளிர்ந்தது. இரத்தம் நின்றதும் ஆற்றல் தீர்ந்துபோய், உயிரணுச் சவ்வில் சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நின்றுவிடுகிறது. உப்போடு தண்ணீரும் உள்ளே புகுந்து உயிரணு வீங்குகிறது, வெளியே இருந்த இடைவெளி குறுகுகிறது, தண்ணீரின் நடமாட்டம் சில நிமிடங்களிலேயே முடங்குகிறது. இந்த முடக்கத்தில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நிகழ்வு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது.

நான் இத்துறைக்கு வந்த காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2011-இல் ஒரு காலைப் பொழுதில், அம்மா நீட்டிய காபி டம்ளரை அப்பாவால் வலது கையால் பிடிக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. முக்கால் மணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தோம். சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று மருத்துவர் கேட்டார். இரவு பத்தரை மணிக்குப் படுத்தார் என்றேன். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்குத் தொடக்க நேரம் தெரியாததால், படுத்த நேரத்தையே தொடக்கமாகக் கொள்வது அன்றைய விதி. அந்தக் கணக்கில் எட்டு மணி நேரம் கடந்திருந்தது, மருந்து கொடுக்கப்படவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரிதான். ஆனால் பக்கவாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு அன்று எங்கள் எதிரில் விடை இல்லை, எம்.ஆர்.ஐ. எடுத்ததே மறுநாள்தான். அப்பாவின் வலது கை அதன்பின் முழுதாகத் திரும்பவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னது 2018-இல் வெளிவந்த வேக்-அப் என்னும் ஐரோப்பியச் சோதனை. விரவல் படம் சில நிமிடங்களில் மாறிவிடும். ஃபிளேர் எனப்படும் படம் மாறுவதற்குச் சில மணி நேரம் ஆகும், ஏனெனில் திசுவில் தண்ணீரின் மொத்த அளவு கூடினால்தான் அதில் வெளுப்புத் தெரியும். ஆகவே விரவல் படத்தில் பாதிப்புத் தெரிந்து, ஃபிளேரில் தெரியாவிட்டால், பக்கவாதம் வந்து நாலரை மணி நேரம் ஆகியிருக்க வாய்ப்புக் குறைவு. கடிகாரம் சொல்லாத நேரத்தைத் திசுவே சொல்லிவிடுகிறது. இந்த அடையாளத்தை நம்பி 503 நோயாளிகளைச் சேர்த்ததில், மருந்து பெற்றவர்களில் 53.3 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 41.8 விழுக்காட்டினரும் தொண்ணூறு நாள் கழித்து நல்ல நிலையில் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களிடையே மூளைக்குள் இரத்தக்கசிவும் இறப்பும் எண்ணிக்கையில் சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. இதற்குத் தேவைப்பட்டவை சாதாரணக் கருவியில் எடுக்கப்படும் இரண்டே படங்கள். மருத்துவமனை நுழைவாயிலில் எந்த எம்.ஆர்.ஐ. எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்பதுதான் டெஸ்லா எண்ணைவிட முக்கியமான கேள்வி என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

விரவலின் இரண்டாவது பயன் திசையறிதல். மூளையின் வெண்பொருளில் நரம்பிழைகள் நாணல் கட்டுபோல் ஒரே போக்கில் கிடப்பதால், தண்ணீர் அவற்றின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்குவாக்கில் சிரமப்பட்டும் நகர்கிறது. பீட்டர் பேஸரும் உடனிருந்தோரும் 1994-இல் இந்தத் திசைச் சார்பை ஒரு டென்சராக (திசைக்குத் திசை மாறும் அளவைக் குறிக்கும் எண் அட்டவணையாக) எழுதினார்கள்; அதிலிருந்துதான் நரம்புப் பாதைகளை வண்ண இழைகளாக வரைந்துகாட்டும், பத்திரிகை அட்டைகளில் அடிக்கடி வரும் அந்த அழகிய படங்கள் பிறந்தன. அறுவைச் சிகிச்சைக்கு முன் கட்டிக்கும் இயக்கப் பாதைக்கும் எவ்வளவு இடைவெளி என்று திட்டமிட இவை உதவுகின்றன.

ஆனால் இந்த இடத்தில் என் துறையே தன்னை ஏமாற்றிக்கொண்டதும் உண்டு. திசைச் சார்பின் அளவு குறைந்தால் "மயலின் உறை சிதைந்துவிட்டது", அதாவது நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கெட்டுவிட்டது, என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். கார் என்னும் மீனின் மயலின் உறையே இல்லாத மோப்ப நரம்பிலும் தண்ணீர் திசை சார்ந்தே நகர்கிறது என்பதை 1994-லேயே கிறிஸ்டியன் போலியூ காட்டிவிட்டார். இரண்டு நரம்புக் கட்டுகள் ஒரே புள்ளிக்குள் குறுக்கிட்டாலும் அந்த அளவு குறையும். வெண்பொருளின் பெரும்பகுதியில் அப்படிக் குறுக்கீடு உண்டு. இன்னும் விபரீதமாக, குறுக்கிடும் கட்டுகளில் ஒன்று நோயால் அழிந்தால் எஞ்சிய கட்டு ஒற்றைத் திசையில் நிற்பதால் அளவு கூடிவிடும், நோய் முற்றும்போது எண் மேம்பட்டதுபோல் தோன்றும். 2017-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், விடை முன்பே தெரிந்த செயற்கைத் தரவை இருபது குழுக்களிடம் கொடுத்து நரம்புப் பாதைகளை வரையச் சொன்னபோது, உண்மையான பாதைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள், இல்லாத பாதைகளை அவற்றைவிட அதிக எண்ணிக்கையில் வரைந்திருந்தார்கள்.

ஆகையால் இத்துறையில் மிக மதிப்புமிக்க வேலை என்று நான் நினைப்பது, எம்.ஆர்.ஐ. எண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்த அதே திசுவோடு ஒப்பிடும் பொறுமையான வேலையைத்தான். நான் சேர்ந்த புதிதில், ஃபார்மலினில் பதப்படுத்திய மூளைத் துண்டின் விரவல் அளவை உயிருள்ள மூளையின் அளவோடு நேரடியாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். பதப்படுத்தலும் அறை வெப்பநிலையும் சேர்ந்து தண்ணீரின் நகர்வைப் பெரிதும் குறைத்துவிடும் என்பதை மூத்த சக ஊழியர் சுட்டிக்காட்டிய பிறகு, மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன். அன்றுமுதல் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எந்த நிலையில் இருந்த திசுவில் அளக்கப்பட்டது என்றே முதலில் கேட்கிறேன்.

திசுவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த முன்னேற்றத்துக்கு, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மயலின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நோய் நல்ல எடுத்துக்காட்டு. இந்த நோயின் தழும்புகள் மூளைக்குள் சிறு சிரைகளைச் சூழ்ந்தே உண்டாகின்றன என்பது நோய்க்கூறியலாளர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே தெரியும். ஜேம்ஸ் டாசன் 1916-இல் அதை விரிவாக எழுதினார். அதை உயிருள்ளவரிடம் காண வழியில்லாமல் இருந்தது. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் நீங்கிய ஹீமோகுளோபினும் திசுவில் படிந்த இரும்பும் காந்தப்புலத்தைச் சிறிதளவு குலைப்பதைப் பதிவுசெய்யும் முறைகள் வந்ததும், தழும்பின் நடுவே ஓடும் சிரை ஒரு கருங்கோடாகத் தெரியத் தொடங்கியது. வயதாலோ இரத்த அழுத்தத்தாலோ வரும் வெண்புள்ளிகளில் இந்தக் கோடு குறைவாகவே காணப்படுவதால், தவறான நோயறிதலைத் தவிர்க்க இது கைகொடுக்கிறது. சில தழும்புகளின் விளிம்பில் இரும்பைச் சுமந்த நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் வளையமாக நிற்பதும் தெரிகிறது. அத்தகைய தழும்புகள் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருப்பவை, அவை மிகுந்தவர்களிடம் இயலாமையும் மிகுகிறது. இந்த நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2024-இல் திருத்தப்பட்ட மெக்டொனால்டு அளவுகோல்களில் இவ்விரு அடையாளங்களும் இடம்பெற்றுவிட்டன. நுண்ணோக்கியில் கண்டது உயிருள்ளவரின் ஸ்கேனுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது! இதே வகைப் படத்தில்தான் பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில், நலமானவர்களிடம் தகைவிலான் குருவியின் வால்போலத் தெரியும் ஒரு சிறு வெளிர் பகுதி மறைந்திருப்பதையும் காண்கிறார்கள்.

திசுவின் விறைப்பை அளப்பது இன்னொரு கிளை. உடலுக்கு மெல்லிய அதிர்வைக் கொடுத்து, அது திசுவுக்குள் அலையாகப் பரவுவதை எம்.ஆர்.ஐ.-இலேயே படமெடுக்கும் முறை 1995-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வெளியானது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜா முத்துப்பிள்ளை என்று பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. கல்லீரல் நார்த்தன்மையை ஊசி குத்தாமல் மதிப்பிட இது இன்று வழக்கமாகப் பயன்படுகிறது. மூளையிலும் ஆய்வு நடக்கிறது, அல்சைமர் நோயில் மூளை சற்று மென்மையாவதாக அளந்திருக்கிறார்கள்.

இனி டெஸ்லாவுக்கு வருகிறேன். பிரான்சின் சாக்லே நகரில் உள்ள ஐசூல்ட் கருவி 11.7 டெஸ்லா, காந்தத்தின் எடை 132 டன். 2024-இல் அது நான்கே நிமிடத்தில் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் மனித மூளையைப் படமெடுத்துக் காட்டியது, வழக்கமான கருவியில் அதற்கு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூளையின் மேல்படலமான புறணியின் அடுக்குகளையும் மேலே சொன்ன சிரைகளையும் ஆராய இது பெரும் வரம். எனினும் வலிமை கூடக்கூட ரேடியோ அலையின் நீளம் தலையின் அளவைவிடக் குறைந்து, படம் ஓரிடத்தில் பிரகாசமாகவும் ஓரிடத்தில் இருண்டும் போகிறது; திசு சூடாவதையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. மறுமுனையில், 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, வெறும் 0.064 டெஸ்லா வலிமையுள்ள கருவி சக்கரத்தில் உருண்டு தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகே வருகிறது, சாதாரண மின் இணைப்பில் இயங்குகிறது. அதன் படம் மங்கல்தான். வேறு இடத்துக்கு நகர்த்தவே முடியாத நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய ஒரே எம்.ஆர்.ஐ. பல நேரங்களில் அதுவாகவே இருக்கும். இரண்டில் எது பெரிய முன்னேற்றம் என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், டெஸ்லா எண்ணை விசாரிப்பதைவிட, சந்தேகிக்கும் நோய்க்கு உரிய படத்தொடர்கள் எடுக்கப்படுகின்றனவா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டிய நோயென்றால், இயன்றவரை அதே மையத்தில், அதே கருவியில், அதே முறையில் எடுத்து, பழைய படங்களை அறிக்கையாக மட்டுமன்றிக் குறுந்தகட்டிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் என்ற ஐயம் எழுந்தால், தூக்கத்தில் வந்ததாகவே இருந்தாலும், நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் உடனே புறப்படுங்கள். கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.