அக்காவை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம்

வணக்கம் சகோதரி. வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் சில காலம் வீட்டில் வைத்து வளர்க்கும் முறையில், மூன்று உடன்பிறப்புகளை ஏற்றிருக்கும் நீங்கள், பதினோரு வயது அக்கா கடைக்குட்டிக்குச் சோறூட்ட உங்களை விடுவதே இல்லை என்பதால், தீபாவளி முடியும்வரை அவளை மட்டும் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

பிரிந்திருப்பதே அவர்கள் நலனுக்கு உகந்தது என்றாலன்றி, உடன்பிறந்தவர்களை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் சேர்த்துவைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-ஆம் பிரிவில் சொல்கிறது. மேலும், பிள்ளையை ஒரு வீட்டில் வைப்பது குழந்தைகள் நலக் குழுவின் ஆணையால்தான், நாமாக முடிவெடுக்க இயலாது.

எங்களிடம் ஓர் அக்காவும் தம்பியும் வளர்ந்தார்கள். முதல் தீபாவளியன்று, தனக்குக் கொடுத்த அதிரசத்தில் பாதியைத் தாளில் மடித்துத் தம்பியின் தலையணைக்கு அடியில் அவள் வைத்திருந்தாள். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம் அது. நான் அதை எடுக்கவில்லை. "தம்பிக்கு எது பிடிக்கும், நீயே சொல்லம்மா" என்று சாப்பாட்டு வேளைதோறும் அவளையே கேட்டேன். சில வாரங்கள் கழித்து, கிண்ணத்தை அவளாகவே என்னிடம் நீட்டினாள்.

புத்தாடை எடுக்க மூவரையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். வெடிச்சத்தத்துக்குச் சின்னவன் நடுங்கினால் அக்கா மடியிலேயே இருக்கட்டும். பெற்றோர் பார்க்க வருவார்களா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதே கேட்டு வையுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவலர்களைப் பிடிப்பது கடினம்.