‘உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். என் பெயரும் ஊரும் வேண்டாம்.

என் தங்கைக்கு 24 வயது. கூட வேலை பார்த்த ஒருவனோடு சில மாதங்கள் பழகினாள். ஒத்துவராது என்று தெரிந்து விலகிவிட்டாள். அன்றிலிருந்து அவன் விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், ஹாஸ்டல் வாசலில் நிற்கிறான், புதுப்புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறான். கடைசியில், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோக்களை எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பப்போவதாக மெசேஜ் போட்டான். அம்மாவுக்குத் தெரியாமல் நான்தான் அவளை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

காலையில் போனவர்களை மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். அவள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எஸ்.ஐ. அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் இருக்கும்போதே கேட்டார்: “அவன்கூட எங்கெல்லாம் போன? வெளியூர் போனீங்களா? தங்குனீங்களா? போட்டோவுல சிரிச்சுக்கிட்டுதானே நிக்கிற?” தங்கை அழ ஆரம்பித்ததும், “கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்றார். பிறகு அவனைப் போனில் கூப்பிட்டு வரவழைத்தார்கள். அவனுக்கு நாற்காலி போட்டார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இனிமேல் ஒருவரையொருவர் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சில நாளிலேயே வேறொரு நம்பரிலிருந்து, “ஸ்டேஷன்ல என்ன கிழிச்ச?” என்று அவன் அனுப்பினான். தங்கை இப்போது வேலைக்கே போவதில்லை. செத்தாலும் இனி ஸ்டேஷன் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். என் கணவர், “போலீஸுக்கு ஆயிரம் வேலை, பொய்ப் புகாரும் வருது, நாலு கேள்வி கேக்கத்தான் செய்வாங்க” என்கிறார். கேட்டவரும் ஒரு பெண் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளை மறுபடி அழைத்துப் போகலாமா, இதோடு விட்டுவிடலாமா?

ர.

*

அன்புள்ள ர.,

இருவரிடமும் எழுதி வாங்கியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்தக் கேள்விகளைவிட அந்தத் தாள்தான் என்னைக் கலங்கவைக்கிறது. காலையில் உங்கள் தங்கையின் கையில் இருந்த நான்கு பக்கங்களில் ஒரு குற்றம் இருந்தது, அதைச் செய்தவன் இருந்தான், தேதியும் இடமும் இருந்தன. மாலையில் அங்கே மிஞ்சியது இரண்டு பேருக்கு நடுவே ஏதோ மனஸ்தாபம், பேசித் தீர்த்தாயிற்று என்கிற ஒரே ஒரு தாள். நாளை அவன் ஏதாவது செய்து வழக்கு வந்தால், அவனுடைய வக்கீல் முதலில் நீட்டப்போவது உங்கள் தங்கை கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான்.

எஸ்.ஐ.யின் கேள்விகளை அவருடைய குணக்கேடு என்று மட்டும் நினைக்காதீர்கள். அவை ஒரு வேலையைச் செய்கின்றன. நான்கு பக்கத்திலிருந்து ஒரு தாளுக்குக் கொண்டுபோகும் வேலை. எங்கே போனாய், தங்கினாயா, சிரித்தாயா என்று கேட்கக் கேட்க, புகார் கொடுக்க வந்தவள் பதில் சொல்ல வேண்டியவளாகிவிடுகிறாள். எப்படியாவது அங்கிருந்து வெளியே போனால் போதும் என்கிற நிலைக்கு வந்த பிறகு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாள். எஃப்.ஐ.ஆர். போட்டால் விசாரணை, சாட்சிகள், குற்றப்பத்திரிகை, வருடக்கணக்கில் கோர்ட் என்று அந்த நிலையத்துக்கு வேலை கூடும். மாதாந்தரக் கணக்கில் குற்ற எண்ணிக்கை கூடும். மேலதிகாரி கேள்வி கேட்பார். அவளாகவே திரும்பிப் போய்விட்டால் இது எதுவும் இல்லை. அவமானப்படுத்துவது பல நிலையங்களில் பழகிப்போன நடைமுறையாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

கணவன் அடித்துத் துரத்திய ஒரு பெண்ணோடு நானும் ஒரு நிலையத்துக்குப் போயிருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அவள் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொண்டே வந்தார். மரியாதையான மனிதர்தான், ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பக்கத்து பெஞ்சில் வண்டியின் ஆர்.சி. புத்தகம் தொலைந்துபோன ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, “கையெழுத்துப் போடும்மா” என்று தாளைத் திருப்பி வைத்தார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். படித்துவிட்டுப் போடு என்று நான் சொன்னேன். விரலை ஓட்டிப் படித்தாள். கழுத்தை நெரித்தார் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். தாளில் அந்த வரியே இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் எழுதுனா கேஸ் பெருசாயிடும்மா, நாளைக்கு நீங்க சேர்ந்து வாழணும்ல” என்றார். கழுத்தை நெரிப்பது கொலையில் முடியக்கூடிய காரியம். அந்த வரியைச் சேர்க்கவைக்க நாங்கள் அவ்வளவு நேரம் பேச வேண்டியிருந்தது.

உங்கள் கணவருக்கு வருகிறேன். கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எந்தெந்த நம்பரிலிருந்து வந்தது, மெசேஜ் அழியாமல் இருக்கிறதா, ஹாஸ்டல் வாசலில் கேமரா இருக்கிறதா, அவன் நின்றதை வேறு யார் பார்த்தார்கள்? இவைதான் விசாரணை. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பொய்ப் புகாருக்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது, ஆனால் அது விசாரித்த பிறகு வருவது. லலிதா குமாரி வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிடியாணை இல்லாமலே கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், தகவல் நம்பத்தக்கதா என்பதைப் பதிவதற்கு நிபந்தனையாக்கக் கூடாது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று அதே தீர்ப்பு ஒரு விலக்கும் தந்தது. பெண்கள் கொண்டுவரும் புகார்களையெல்லாம் அந்தச் சின்ன வாசல் வழியாகவே வெளியேற்றப் பார்க்கிறார்கள்.

கேட்டவர் பெண் என்பதுதான் தாங்கவில்லை என்கிறீர்கள். இந்தியாவில் முதல் மகளிர் காவல் நிலையம் 1973ல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992ல் தொடங்கினார்கள். அதே 1992 ஜூனில்தான் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்த வழக்கு நகர்ந்தது. 2011ல், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலையத்தின் பெயர்ப்பலகையை மாற்றுவதும் துறையின் புத்தியை மாற்றுவதும் வேறுவேறு காரியங்கள்.

மகளிர் நிலையங்களில் பணியாற்றும் பெண்கள் பலர் அந்தத் துறைக்குள் தாங்களே நசுங்கிக்கொண்டிருப்பவர்கள். மேலே இருந்து அவர்களுக்கு வரும் உத்தரவு, குடும்பத்தைச் சேர்த்துவை என்பதுதான். ஹரியானாவின் மகளிர் நிலையங்களை ஆராய்ந்து நிர்விகார் ஜஸ்ஸல் 2020ல் வெளியிட்ட கட்டுரை, அவற்றால் பதிவாகும் வழக்குகள் கூடவில்லை என்றது. சாதாரண நிலையங்கள் ‘அங்கே போ’ என்று பெண்களைத் தள்ளிவிட அது வழியானது என்றும் காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2022ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. சாதாரண நிலையத்துக்குள்ளேயே பெண்களுக்கென்று தனி உதவி மேசை, அதில் இருப்பவர்களுக்குப் பயிற்சி, எப்படிப் பதிய வேண்டும் என்ற வரையறை. இவ்வளவுதான் செய்தார்கள். பெண்களின் புகார்கள் அதிகம் பதிவாயின. மேசையில் பெண் காவலர்கள் இருந்த இடங்களில் எஃப்.ஐ.ஆர். கூடியது. ஆக, பெண் காவலர் இருப்பதால் பயன் உண்டு. ஆனால் அவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

அதிகாரம் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2021ல் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, அப்போதைய சிறப்பு டி.ஜி.பி. தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். செங்கல்பட்டு அருகே சுங்கச்சாவடியில் போலீஸாரே அவருடைய காரை மறித்தார்கள். 2023ல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது, மறித்த எஸ்.பி.க்கு அபராதம் விதித்தது. 2024ல் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சிறைத் தண்டனையை உறுதிசெய்தது. ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரையே புகார் கொடுக்கவிடாமல் வழிமறிக்கிறார்கள் என்றால், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் ‘இனி வாசலை மிதிக்க மாட்டேன்’ என்று சொல்வதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் அவளுக்கு இருக்கும். அது வீண்பயம் அல்ல. 2019ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் செய்தியாளர் சந்திப்பில் எஸ்.பி.யே சொன்னார், அரசாணையிலும் அது வந்தது. 2024 டிசம்பரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். அப்படியே பொதுவெளியில் கசிந்தது, அதன் வாசகங்கள் அவரையே குறைசொல்லும்படி இருந்தன. இரண்டு தடவையும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம்தான். இவ்வளவுக்குப் பிறகும் பொள்ளாச்சி வழக்கில் சாட்சி சொன்ன பெண்கள் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

இனி செய்யக்கூடியது. மறுபடி அதே நிலையத்துக்குப் போக வேண்டாம், போகத் தேவையும் இல்லை. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவுப்படி, நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரை எழுத்தில், தபாலிலேயே, எஸ்.பி.க்கு அனுப்பலாம். மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பின்தொடர்தல், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78வது பிரிவில் குற்றம். அந்தப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். சொன்னதை எழுதி, அவளுக்கே படித்துக்காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். முதலில் விசாரித்துப் பார்க்கிறோம் என்று சொன்னால், அதற்கு டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். உங்களிடம் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது, ஆனால் நீங்கள் அன்றைக்குப் போனதற்கு அது சாட்சி, பத்திரமாக வையுங்கள்.

எழுதி வாங்கிய அந்தத் தாளைப் பற்றி புதுப் புகாரில் அவளே குறிப்பிட வேண்டும்: எந்தச் சூழ்நிலையில், யார் சொல்லி, அவனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கப்பட்டது என்று. அதன் பிறகும் அவன் அனுப்பிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் போனிலும் அழிக்காமல் வையுங்கள். ‘ஸ்டேஷன்ல என்ன கிழிச்ச’ என்ற அந்த வரி, அவன் நிற்கவில்லை என்பதற்கு அவனே எழுதிக்கொடுத்த ஆதாரம்.

பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குறிப்பிட்ட சில குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் உண்டு. அந்த வழக்குக்கு அரசின் முன் அனுமதிகூடத் தேவையில்லை. பின்தொடர்தல் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும். பின்தொடர்வதில் தொடங்கி வெட்டிக் கொல்வதில் முடிந்த எத்தனை செய்திகளைப் படித்துவிட்டோம்!

வக்கீலுக்குப் பணம் என்று யோசிக்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கடைசியாக, அழைத்துப் போகலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். அவளைக் கேளுங்கள். அன்றைக்கு அந்த நிலையத்தில் அவளைத் தவிர எல்லோரும் அவளுக்காக முடிவெடுத்தார்கள். வீட்டிலும் அது நடக்கக் கூடாது. வேண்டாம் என்று சொன்னால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புகார் கொடுக்கும் வழி இன்றோடு மூடிவிடாது, பின்னால் அவள் மனம் மாறலாம். ஆனால் அவன் மறுபடி வாசலில் வந்து நின்றால், அந்த நிமிடமே 181 அல்லது 112ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம். அவள் சரி என்றால், அந்த நான்கு பக்கங்களின் நகலை எனக்கு அனுப்புங்கள். பெண்கள் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, எஸ்.பி.க்கான மனுவை எழுத உதவுகிறேன்.