ஏர் பிடித்தவர் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: ஓவியத்துக்கு மாணவர்கள் சொந்தமாக அர்த்தம் சொல்லலாமா, இல்லை அறிஞர்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டுமா?

தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி தேறியது, பாதி தேறவில்லை.

கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் படித்தபோது ஏதாவது ஒரு ஓவியத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். நான் எடுத்தது ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கத்து ஓவியர் புரூகலின் பெயரில் வழங்கும் இக்காரஸ் படம். 1560 வாக்கில் வரைந்தது என்பார்கள். (பிரசல்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது மூலப்படம் அல்ல, பிரதி என்றுதான் இப்போது பலரும் கருதுகிறார்கள். அது தனிக் கதை.) மெழுகு வைத்து ஒட்டிய சிறகோடு பறந்த கிரேக்கப் பையன் சூரியனை நெருங்கிப் போய், மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். படத்தில் அவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வலது பக்கம் கீழே, கப்பலுக்கு அருகில், தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள் தெரியும். அவ்வளவுதான். கண்ணில் முதலில் படுகிறவர், முன்னால் ஒற்றைக் குதிரை பூட்டி உழுதுகொண்டிருக்கும் சிவப்புச் சட்டைக்காரர்.

அடுத்தவன் துன்பத்தை உலகம் கண்டுகொள்வதில்லை என்பது இதற்கு வழக்கமான விளக்கம். சாகிறவனுக்காக ஏர் நிற்காது என்ற பொருளில் அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. நானும் அதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்து எழுதி வைத்திருந்தேன்.

அந்த வாரம் காங்கேயம் பக்கம் அப்புச்சி வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கதையையும் சொன்னேன். அவர் பையனைத் தேடவே இல்லை.

"ஒத்தக் குதிரையில ஓட்டறானா? மண்ணு நல்ல பதமாட்ட இருக்குது."

"பையன் உழுந்தும் அவரு திரும்பிப் பாக்கலீங்களே அப்புச்சி?"

"மேழியப் புடிச்சவன் கொழுவத்தான் பாப்பான் அம்மிணி. தலையத் தூக்குனா சால் கோணிப் போயிரும்."

அப்புறம், வானத்தின் விளிம்பில் பாதி தெரியும் சூரியனைக் காட்டி, "பொழுது இப்பத்தான் கெளம்புதாட்ட. வெயிலுக்கு முன்ன ஓட்டி முடிச்சரலாம்னு பாக்கறான்" என்றார். அதுவரை நான் அதை அந்திச் சூரியன் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பப் படத்தைப் பார்த்தேன். உழுகிறவர் மேட்டில் நிற்கிறார், பார்வை நிலத்தில், கடல் எங்கோ கீழே. அவர் பையனைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. அந்தச் சாவு அவருக்கு எட்டவே இல்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் தள்ளி ஒரு மேய்ப்பன் கோலை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். அவன் மழைக்குப் பார்க்கிறான் என்று எழுதிவிட்டேன். எங்கள் ஊர்க் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் ஆடுகளை விட்டுவிட்டால் ஆளுக்கு வேலை இல்லை. மழை பெய்தால்தான் கொழுக்கட்டைப் புல் தழையும். அதனால் வானம் பார்ப்போம். பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இது உன் ஊர். படத்தில் எங்கே?" எங்கேயும் இல்லை. வேலியும் இல்லை, மழைக்கான அறிகுறியும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய கதையில் உழவன், மேய்ப்பன், தூண்டில்காரன் மூவருமே, சிறகு கட்டிப் பறக்கும் அப்பாவையும் பையனையும் பார்த்து, தெய்வங்களோ என்று வியந்து நிற்கிறார்கள். ஓவியர் அந்த மூவரையும் வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணில் பையனைப் படாமல் செய்துவிட்டார். அதுவும் அந்தத் தூண்டில்காரன், பையனின் கால்களுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்! ஏர்க்காரருக்கு நான் சொன்ன சமாதானம் அவனிடம் எடுபடாது. பழைய விளக்கம் அவன் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

பெரியவர்களும் இப்படி மாட்டியிருக்கிறார்கள். வான்கோ 1886-இல் வரைந்த ஒரு ஜோடி பழைய ஷூக்களை ஒரு குடியானவப் பெண்ணின் காலணிகள் என்று எடுத்துக்கொண்டு, அவள் வயலில் நடந்த அலுப்பையெல்லாம் அதில் படித்தார் தத்துவவாதி ஹைடெகர். 1968-இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷாபிரோ, அவை நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்த ஷூக்கள் என்று மறுத்தார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அதனால், எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "படத்தில் எங்கே?" என்று யாராவது கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்குப் பத்துக்கு ஆறரை கிடைத்தது. ஏர்க்காரருக்குத்தான் அந்த மார்க் என்று இன்றும் நம்புகிறேன்.

மார்க்கைச் சொன்னபோது அப்புச்சி, "அந்தப் பையன எடுத்துப் போட்டாங்களா?" என்று கேட்டார். அவனுடைய அப்பாவே ஒரு தீவில் புதைத்ததாகக் கதை என்றேன். போனை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.