அவள் போட்ட கேள்விக்குறி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கணினிப் பொறியியல் வேண்டாம், செயற்கைக்கோள் படங்களில் காடழிப்பையும் சட்டவிரோதச் சுரங்கங்களையும் கண்டறியும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள். காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறார். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. உங்கள் கவலை நியாயமானது. பெரியப்பாவின் கேள்வி நியாயமானதல்ல.

அவள் இணைத்திருந்த இரண்டு செயற்கைக்கோள் படங்களையும் நெடுநேரம் பார்த்தேன். ஒரே ஆற்று வளைவு. முதல் படத்தில் இரு கரையிலும் அடர்ந்த காடு. இரண்டாவதில் கரையோரம் சேற்று நிறத்தில் வரிசையாகக் குட்டைகள். ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, ‘சட்டவிரோதத் தங்கச் சுரங்கமா?’ என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கேள்விக்குறி முக்கியம். குட்டை இருப்பதைப் படம் காட்டும். அதற்கு அனுமதி உண்டா என்பதை உரிமப் பதிவேடுதான் சொல்லும். இந்த நிதானம் பயிற்சியில் எளிதில் வருவதில்லை.

இது சின்ன விஷயமும் அல்ல. சுற்றுச்சூழல் குற்றங்களின் ஆண்டு மதிப்பு 9,100 கோடி முதல் 25,800 கோடி டாலர் வரை இருக்கும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் 2016-இல் கணித்தன. சோமாலியாவில் மரங்களை வெட்டி எரித்த கரி, அல்-ஷபாப் ஆயுதக் குழுவுக்கு வருமானமானது; 2012-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கரி ஏற்றுமதிக்கே தடை விதித்தது. வறட்சியில் தவிக்கும் நிலத்தில் மரமும் போனால் மேய்ச்சல் போகும், பிறகு மோதல் வரும். ஓசோன் படலத்தைக் காக்கும் உலக ஒப்பந்தப்படி 2010-க்குள் உலகெங்கும் உற்பத்தி நின்றிருக்க வேண்டிய சிஎஃப்சி-11 என்ற வாயு மீண்டும் காற்றில் கலப்பதை 2018-இல் கண்டுபிடித்தவர்கள் வளிமண்டல விஞ்ஞானிகள். அது ஓசோனை மட்டும் அரிப்பதில்லை, பூமியையும் சூடாக்குகிறது.

சட்டம், காவல்துறை, வனப்பணி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த வழிகள், அவற்றை விடுகிறேன். உங்கள் மகளுக்கு உரியது தொலையுணர்வும் (செயற்கைக்கோள் போன்றவற்றால் தொலைவிலிருந்தே நிலத்தை ஆராய்வது) புவித்தகவலியலும் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராய்வது). இளநிலையில் புவியியல், நிலவியல், இயற்பியல் இவற்றில் ஒன்று, முதுநிலையில் புவித்தகவலியல். கூடவே புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கிறது. ஒரு படப்புள்ளி பத்து மீட்டர். மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட படங்களைக் கொண்டுதான் 2004 முதல் காடழிப்பு எச்சரிக்கைகளை அனுப்புகிறது. படத்தின் தேதி, மூலம், அதைக் கையாண்ட ஒவ்வொரு படி என எல்லாவற்றையும் எழுதிவைக்கப் பழகினால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும். வனத்துறைகள், விண்வெளி நிறுவனங்கள், புலனாய்வு அமைப்புகள், பொருள் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இந்தத் திறமை தேவை. தொடக்கத்தில் ஒப்பந்த வேலைகளே அதிகம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பணத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்று பெயர் சூட்டிய விலையுயர்ந்த பட்டத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். சென்டினல் படங்கள் இலவசம், அவற்றை வரைபடமாக்கி ஆராய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இளநிலைக்குக் கடன் வாங்கவே வேண்டாம். பிடிக்காத பொறியியலுக்குக் கட்டும் பணமும் வீண் பணம்தான்.

அதே ஆற்று வளைவின் மூன்று ஆண்டுப் படங்களை எடுத்து, ஒவ்வொரு குட்டையும் முதலில் தென்பட்ட தேதியை அட்டவணையாக்கச் சொல்லுங்கள். பாதிப் படங்களில் மேகம்தான் இருக்கும், சலிப்பான வேலை. அதை முடித்தபின் அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறதா என்று அவளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்போது பேசுவோம்.