கைமாறும் மரபணுக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கொடுத்து வாங்குவது பற்றியவை. மீதி, கையில் இருக்கும் மரபணுவை அவை எப்போது எடுத்துப் பயன்படுத்துகின்றன என்பது பற்றியவை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. வாங்கிய மரபணுவை எப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தால் பாக்டீரியாவுக்குக் கட்டுப்படியாகாது.

பாக்டீரியாவில் ஆண், பெண் உண்டா? இணைவு என்பது இனப்பெருக்கம்தானா? (பிளஸ் டூ மாணவி)

இல்லை. இனப்பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூட வேண்டும். இணைவில் இரண்டு செல்கள் சேர்கின்றன, பிரியும்போதும் இரண்டே. ஒன்றிடம் இருந்த டி.என்.ஏ.வின் ஓர் இழை மற்றதற்குள் போயிருக்கும், அவ்வளவுதான். பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம். எஃப் என்ற பிளாஸ்மிட்டை வைத்திருக்கும் இ. கோலை என்ற குடல் பாக்டீரியா, மெல்லிய நீட்சி ஒன்றை நீட்டிப் பக்கத்துச் செல்லைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்ட செல்லும் பிறகு கொடுக்கும் செல்லாகிவிடுகிறது. ஆண், பெண் என்ற ஒப்புமை இங்கேயே உடைந்துவிடுகிறது.

லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946இல் இந்தப் பரிமாற்றத்தைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பாரிஸில் வோல்மனும் ஜேக்கப்பும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எஃப் பிளாஸ்மிட் குரோமோசோமோடே சேர்ந்துவிட்ட செல்கள், இணையும்போது குரோமோசோமையும் கொடுக்கும். அப்படி இணைந்திருந்த செல்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் சுற்றிப் பிரித்தார்கள். நேரம் கூடக் கூட, மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மாறாத வரிசையில் உள்ளே போயிருந்தன. குரோமோசோம் முழுவதும் போய்ச் சேர ஏறத்தாழ 100 நிமிடம். இ. கோலையின் மரபணு வரைபடத்தை நிமிடக் கணக்கில் அளந்தது இப்படித்தான்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா மாதிரியில் எரித்ரோமைசின் பலிக்கவில்லை, கிளிண்டாமைசின் பலிக்கிறது. ஆனாலும் ‘டி-டெஸ்ட்’ (D-test) செய்யாமல் அறிக்கை கொடுக்கக் கூடாது என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். அவ்வளவு அவசியமா? (ஆய்வக நுட்பநர்)

அவசியம். அவர் சொல் கேளுங்கள். பாக்டீரியாவைப் பூசிய தட்டில் இரண்டு மருந்து வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, மறுநாள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளிண்டாமைசினைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் தெளிவாக இருக்கும். ஆனால் எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், வட்டம் ஆங்கில ‘D’ எழுத்தாகிவிடும். அந்தத் தட்டை விளிம்பில் ஒரு மரபணு விழித்துக்கொள்வதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள்.

அந்த மரபணுவின் பெயர் எர்ம். அது உருவாக்கும் நொதி, செல்லில் புரதம் செய்யும் பொறியான ரைபோசோமில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்த்து இரண்டு மருந்துகளையும் அங்கே ஒட்டவிடாமல் செய்கிறது. வழக்கமாக எர்ம் மரபணுவின் ஆர்.என்.ஏ. (ரைபோசோம் படிக்கும் நகல்) மடிந்து, தன் தொடக்கப் பகுதியை மறைத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்கு முன்னால் உள்ள சின்னஞ்சிறு பகுதியைப் படிக்கும் ரைபோசோமை எரித்ரோமைசின் நடுவில் நிறுத்திவிட்டால், மடிப்பு அவிழ்கிறது, நொதி உருவாகிறது. கிளிண்டாமைசினால் அப்படி அவிழ்க்க முடிவதில்லை. அதனால்தான் அதைத் தனியாக வைத்தால் மருந்து பலிப்பது போலத் தெரிகிறது.

அந்த முடிவை நம்பி நோயாளிக்கு கிளிண்டாமைசின் கொடுத்தால், தூண்டுதல் இல்லாமலேயே நொதியைச் செய்யும்படி மாறிவிட்ட ஒருசில செல்கள் தப்பிப் பெருகலாம். எர்ம் மரபணுக்கள் பிளாஸ்மிட்டுகளிலும், தாவும் மரபணுத் துண்டுகளிலும் ஏறிப் பயணிப்பவை. எனவே அவை வராத வார்டு என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பால் சர்க்கரையான லாக்டோஸ் பாக்டீரியாவுக்குள் வந்தால்தான் லாக் ஓபரான் (லாக்டோஸைப் பயன்படுத்தும் மரபணுக்களின் கூட்டு) திறக்கும். ஓபரான் திறந்தால்தான் லாக்டோஸை உள்ளே விடும் புரதம் உருவாகும். அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி நுழைந்தது? (கல்லூரி மாணவர்)

வகுப்பில் இதைக் கேட்ட மாணவரை நான் மறப்பதில்லை. பதில் எளிது: பூட்டு முழுப் பூட்டு அல்ல. டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும் அடக்கிப் புரதம் அவ்வப்போது கழன்று, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் லாக்டோஸை உள்ளே விடும் புரதமும் அதை உடைக்கும் நொதியும் ஓரிரண்டு உருவாகிவிடும். கொஞ்சம் லாக்டோஸ் நுழைகிறது. அதில் ஒரு பகுதியை அந்த நொதி அல்லோலாக்டோஸாக மாற்றுகிறது. அடக்கியைப் பிடித்து விலக்குவது இந்த அல்லோலாக்டோஸ்தான், லாக்டோஸ் அல்ல. பிறகு நொதியின் அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும்.

பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால் இதெல்லாம் பெரிதாக நடக்காது. பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தீர்த்து, சற்று நின்று, பிறகே லாக்டோஸைத் தொடும். அந்த இடைநிறுத்தத்தை வளர்ச்சி வரைகோட்டில் கண்ட ஜாக் மோனோ, 1961இல் ஜேக்கப்போடு சேர்ந்து ஓபரான் கொள்கையை முன்வைத்தார். 1965இல் இருவருக்கும் அவர்களுடைய சகா ல்வாஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசியைப் பெரிய பிள்ளைகளுக்கும் போடச் சொல்கிறார்கள். ஏன்? (ஒரு தாய்)

தடுப்பூசியின் பாதுகாப்பு நாளடைவில் குறைவதால்தான். நம் நாட்டு அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. (Td: டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்குமானது) ஊசி உண்டு, தவறாமல் போடுங்கள். இந்த நோயின் நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவுடையதே அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் கொண்டுவந்தது. 1951இல் ஃப்ரீமன் இதைக் காட்டினார். வைரஸ் ஏறாத பாக்டீரியாவால் இந்த நஞ்சைச் செய்ய முடியாது. ஆனால் வந்த மரபணுவுக்குச் சாவி பாக்டீரியாவிடம் இருக்கிறது. இரும்புச்சத்து போதுமான அளவு இருந்தால், பாக்டீரியாவின் புரதம் ஒன்று அந்த மரபணுவை மூடி வைக்கும். நம் உடலில் இரும்பு எளிதில் கிடைக்காததால் மூடி திறந்து நஞ்சு சுரக்கிறது.

ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டால் எதிர்ப்பு மரபணு தானாகப் போய்விடாதா? (பல வாசகர்கள்)

ஓரளவு குறையும், துடைத்தெடுத்தது போலப் போகாது. சில பிளாஸ்மிட்டுகள் ஒரு நஞ்சையும் அதற்கான முறிவையும் சேர்த்தே செய்கின்றன. பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்லில் முறிவு சீக்கிரம் சிதைந்துவிட, மிஞ்சிய நஞ்சு செல்லைக் கொல்கிறது. மேலும், ஒரே பிளாஸ்மிட்டில் பல எதிர்ப்புகள் கட்டாக இருக்கும். 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காமல் போனது இப்படித்தான். அப்போது ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலும் மற்ற மூன்றின் எதிர்ப்பும் காப்பாற்றப்படும். சென்னை, ஹரியானா மாதிரிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்விலும் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகளிலேயே இருந்தது.

செத்த பாக்டீரியாவிலிருந்தும் மரபணு போகுமா?

போகும். 1928இல் கிரிஃபித், நிமோனியாக் கிருமியின் கொல்லும் வகையைச் சூடாக்கிக் கொன்று, அதையும் உயிருள்ள தீங்கற்ற வகையையும் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் இறந்தன, அவற்றின் இரத்தத்தில் கொல்லும் வகை உயிரோடு இருந்தது. எந்தப் பொருள் இதைச் செய்தது என்பதை ஏவரியும் அவருடைய சகாக்களும் 1944இல் காட்டினார்கள். புரதத்தைச் சிதைத்தும் மாற்றம் நிற்கவில்லை, டி.என்.ஏ.வைச் சிதைத்தபோது நின்றது.