இன்னொரு கோர்ஸ் வேண்டாம் தம்பி, நெட்வொர்க் டேபைத் திறங்கள்

நேற்று உங்கள் அப்பா போன் செய்தார். "பையன் இன்டர்வியூல கோட் எழுதுற ரவுண்டுல தோத்துட்டான் சார். ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் இன்னொரு ஆறு மாசம் சேர்த்து விடலாமா?" என்று கேட்டார். பீஸ் கட்ட அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் என்பதை உங்களுக்குத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கோடைப் படித்துப் பார்த்தேன். பெயரும் போன் நம்பரும் வாங்கும் சின்ன படிவம். பட்டனை அழுத்தினால், பிரவுசரிலிருந்து டேட்டாவை அனுப்பும் ஃபெட்ச் (fetch) வழியாக, எக்ஸ்பிரஸ் (Express, ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் கருவி) சர்வருக்குப் போக வேண்டும். போகவும் செய்கிறது. ஆனால் அந்தப் பக்கம் ரெக்.பாடி (req.body), அதாவது வந்த டேட்டா இருக்க வேண்டிய இடம், காலியாக இருக்கிறது. நீங்களோ கொடுத்த நேரம் முழுவதும் டேட்டாபேஸ் கோடையே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கே இல்லை. ரிக்வெஸ்டோடு குறிப்புச் சீட்டு மாதிரி போக வேண்டிய ஒரே ஒரு ஹெட்டர் விட்டுப்போயிருக்கிறது.

ரிக்வெஸ்டின் பாடியில் போவது வெறும் பைட்டுகள். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்வதுதான் விட்டுப்போன அந்த ஹெட்டர், கன்டென்ட்-டைப் (Content-Type). ஆப்ஜெக்டை ஜேசான் (JSON) என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும் ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபை உங்களுக்குத் தருவது ஒரு ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். ஸ்ட்ரிங்கை பாடியில் வைத்து, ஹெட்டர் எதுவும் எழுதாமல் விட்டால், பிரவுசர் தானாகவே டெக்ஸ்ட்/பிளெய்ன் என்று போட்டு அனுப்பிவிடும். எக்ஸ்பிரஸில் ரிக்வெஸ்டை இடையில் வாங்கிப் பார்க்கும் ஜேசான் மிடில்வேர், அப்ளிகேஷன்/ஜேசான் என்று வருவதை மட்டும்தான் பிரித்துப் பார்க்கும். மற்றதைத் தொடாமல் அடுத்த ஆளிடம் தள்ளிவிடும். எரர் எதுவும் வராது. எக்ஸ்பிரஸ் 4-இல் காலி ஆப்ஜெக்ட் கிடைக்கும், 5-இல் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இருக்காது. நேரம் போனது இந்தச் சத்தமில்லாத இடத்தில்தான். 415 என்ற எண்ணைக் கொடுத்து, இந்த வகையை ஏற்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் சர்வர்களும் உண்டு. அப்படிப்பட்ட சர்வர் வாய்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

கோர்ஸில் இது ஏன் கண்ணில் படவில்லை? அங்கே ஃபெட்சின் வேலையையே செய்யும் ஆக்சியோஸ் (axios) என்ற லைப்ரரியைப் பழக்கியிருக்கிறார்கள். ஆக்சியோஸிடம் ஒரு ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அதுவே ஜேசானாக மாற்றி, ஹெட்டரையும் சேர்த்து அனுப்பிவிடும். வசதிதான். ஆனால் ஃபெட்சை மட்டும் வைத்து எழுதச் சொன்னால் கை நிற்கிறது. அடுத்த கோர்ஸிலும் அதே ஆக்சியோஸைத்தான் சொல்லித் தருவார்கள். அதற்காக வளையல் போக வேண்டாம்.

அதற்காக எல்லா ரிக்வெஸ்ட்டிலும் அந்த ஹெட்டரை ஒட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டேட்டாவைக் கேட்டு வாங்க மட்டும் அனுப்பும் சாதாரண கெட் (GET) ரிக்வெஸ்ட்டில் பாடியே கிடையாது, அங்கே அதற்கு வேலையும் இல்லை. போட்டோ அப்லோட் இன்னும் மோசம். நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் சில வருடங்கள் கோட் எழுதிக்கொண்டிருந்தேன். ஃபைலையும் சேர்த்து அனுப்ப உதவும் ஃபார்ம்டேட்டாவில் (FormData) படத்தை வைத்து, பொறுப்பாக மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்று நானே ஹெட்டரும் எழுதினேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் படம் போய்ச் சேரவில்லை. காரணம், அந்த ஹெட்டரோடு பவுண்டரி என்று ஒரு துண்டும் போக வேண்டும். வயலுக்கு வரப்பு மாதிரி, ஒரு ஃபீல்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது அதுதான். அதை உருவாக்குவது பிரவுசர். நாம் கையால் எழுதினால் பவுண்டரி இல்லாமல் போய்விடும். ஃபார்ம்டேட்டா என்றால் ஹெட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் கார்ஸ் (CORS), ஓரிடத்துப் பக்கம் வேறிடத்துச் சர்வரோடு பேச பிரவுசர் பார்க்கும் அனுமதி விதி. இதில்தான் நிறைய பிள்ளைகள் பயந்து பின்வாங்குகிறார்கள். ஃப்ரன்ட்எண்ட் (திரையில் தெரியும் பக்கம்) 5173 போர்ட்டிலும் பேக்எண்ட் (சர்வர் பக்கம்) 3000-இலும் ஓடினால் பிரவுசருக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். டெக்ஸ்ட்/பிளெய்ன் போன்ற மூன்று பழைய வகைகளை அது முன் அனுமதி கேட்காமல் அனுப்பும். அப்ளிகேஷன்/ஜேசான் என்றதும் முதலில் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் ஒன்றை அனுப்பி அனுமதி கேட்கும். சர்வர் சரியான பதில் தராவிட்டால் சிவப்பு எழுத்தில் எரர். உடனே யாரோ சொன்னார்கள் என்று நோ-கார்ஸ் மோடைப் போடுவார்கள். எரர் மறையும். ஆனால் அந்த மோடில் நீங்கள் எழுதிய ஜேசான் ஹெட்டரை பிரவுசர் கண்டுகொள்ளாது, மறுபடி டெக்ஸ்ட்/பிளெய்னாகவே போகும். வரும் பதிலையும் உங்கள் கோடால் படிக்க முடியாது. சர்வரில் கார்ஸ் மிடில்வேரைச் சேர்ப்பதுதான் சரியான வழி.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? ஆக்சியோஸை ஓரமாக வையுங்கள். அதே படிவத்தை ஃபெட்சில் எழுதுங்கள். ஒரு தடவை ஹெட்டர் இல்லாமல், ஒரு தடவை ஹெட்டரோடு, ஒரு தடவை ஃபார்ம்டேட்டாவாக அனுப்புங்கள். கடைசியாக, ஹெட்டரை மட்டும் வைத்து ஸ்ட்ரிங்கிஃபையை வேண்டுமென்றே எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், போவதையும் வருவதையும் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து, அந்த ரிக்வெஸ்டைச் சொடுக்கி, ஹெட்டர்ஸையும் அனுப்பிய டேட்டாவான பேலோடையும் படியுங்கள். பார்த்ததைத் தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் விடை வந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. பாடி காலியாக வந்தபோது நீங்கள் முதலில் எங்கே போய்ப் பார்த்தீர்கள் என்பதையும் கவனிக்கிறார்.

நாலாவது சோதனையில் சர்வர் 400, அதாவது ரிக்வெஸ்டே தப்பு என்று திருப்பி அனுப்பும். அப்போது ரிக்வெஸ்ட் ஹெட்டர்ஸில், பாடியின் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் என்ற வரியைப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஆப்ஜெக்டைக் கொடுத்திருந்தாலும் அங்கே 15 என்றுதான் இருக்கும். அந்தப் பதினைந்து எழுத்துகள் எவை என்று கண்டுபிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் முன்னாலேயே எனக்கு விளக்கிச் சொல்லுங்கள்.