கேளுங்கோ, சொல்லுறன்: பாஞ்சோவும் தகரச் சட்டையும்

போன இதழில அமெரிக்காவில வெட்டவெளியில நடக்கிற நாட்டுப்புற இசை பெஸ்டிவல்களைப் பற்றி நாலு வரிதான் எழுதினனான், அதுக்கு இவ்வளவு கேள்வி வருமெண்டு ஆர் கண்டது. அரிசி விலை, சோதனை ரிசல்ட் கேள்வியள் எல்லாம் வாற இதழுக்குப் போகட்டும்.

கனடாவில இருக்கிற மச்சான் ஒரு யூரியூப் லிங்க் அனுப்பினவர். ஒரே பெஸ்டிவலில காலமை கண் தெரியாத ஆக்கள் சேர்ச் பாட்டுப் பாடினம், பிறகு தொப்பி போட்ட அஞ்சு பேர் படுவேகமா கம்பி வாத்தியம் வாசிக்கினம், பின்னேரம் அக்கோடியன், இரவு ஒரு பொம்பிளை தனிய கிற்றாரோட. ஒண்டோட ஒண்டு ஒட்டேல்லயே அண்ணை, இது என்ன வகை இசை? – கிளிநொச்சி வாசகர்

ஒரு வகை இல்ல தம்பி. ரூட்ஸ், அமெரிக்கானா எண்டு அவை சொல்லுறது ஒரு ராகத்தையோ தாளத்தையோ இல்ல, அந்த நாட்டுக்கு விரும்பி வந்தவை, சங்கிலி போட்டுக் கொண்டு வரப்பட்டவை, வேற இடத்தில இருந்து துரத்துப்பட்டு வந்தவை எண்டு எல்லாரும் கையோட கொண்டு வந்த பாட்டு ஒரு 300 வருசமா பக்கத்துப் பக்கத்து வளவில கிடந்து கலந்து வந்ததைத்தான் அப்பிடிச் சொல்லுகினம். நீங்கள் பாத்த தொப்பிக்காரர் வாசிச்சது புளூகிராஸ். கென்டக்கியில பிறந்த பில் மன்றோ எண்ட மண்டலின்காரர் தொடக்கின பாணி அது, 1945 கடைசியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ் எண்ட பெடியன் மூண்டு விரலால பாஞ்சோ எண்ட கம்பி வாத்தியத்தை வாசிச்சுக்கொண்டு அவரின்ர குழுவில சேந்தாப் பிறகுதான் அந்த வேகம் வந்தது. கண் தெரியாத ஆக்கள் எண்டுறியள், அது அநேகமா பிளைண்ட் போய்ஸ் ஒவ் அலபாமாவா இருக்கும், 1939 இல அலபாமாவில கறுப்பினப் பிள்ளையளுக்கான பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில தொடங்கின கொஸ்பல், அதாவது சேர்ச் பாட்டுக் குழு, ஆக்கள் மாறி மாறி இண்டைக்கும் மேடை ஏறினம். அக்கோடியனுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு லூசியானா, அதைக் கீழ சொல்லுறன். மற்றது டெக்சஸ், அங்க குடியேறின ஜேர்மன்காரரின்ர அக்கோடியனை மெக்சிக்கோ வழி வந்த ஆக்கள் வாங்கி, தங்கட 12 கம்பி பாஹோ செக்ஸ்ரோவோட சேத்து, ஸ்பானிஷ் மொழியில போல்கா எண்ட ஆட்டப் பாட்டு வாசிச்சினம். ஜேர்மன்காரர் கொண்டு வந்த தாளம், மெக்சிக்கோ பாட்டு, அமெரிக்க மேடை. கிராமி விருதில அமெரிக்கானாவுக்கெண்டு தனிய ஒரு அல்பப் பரிசு வந்தது 2010 இலதான், ஆனா நியூபோர்ட் எண்ட அமெரிக்க ஊரில நாட்டுப்புற இசை பெஸ்டிவல் தொடங்கினது 1959 இல, பேர் வைக்க முதலே கூட்டம் சேந்திட்டுது.

தொப்பி கட்டாயமோ? – வவுனியா வாசகர்

இல்ல. பாதி வெயிலுக்கு, பாதி ஸ்டைலுக்கு.

நான் கோயிலுக்கு மேளம் அடிக்கிற ஆள். அந்த வட்டமான வாத்தியம், தோல் போட்டு கம்பி கட்டின சாமான், அது வெள்ளைக்காரரின்ரயோ? தோல் கட்டின விதத்தைப் பாத்தா எங்கட பக்கத்துச் சாமான் மாதிரிக் கிடக்கு. – ஒட்டுசுட்டான்

உங்கட கண் சரியான கண் ஐயா. அது பாஞ்சோ, அதின்ர வேர் மேற்கு ஆபிரிக்காவில. சுரைக்குடுவையைப் பாதியா வெட்டி, ஆட்டுத்தோல் போட்டு, ஒரு தடி செருகி கம்பி கட்டுற வாத்தியங்கள் செனகல், காம்பியா பக்கம் இண்டைக்கும் இருக்கு, அக்கொன்ரிங் எண்டு ஒண்டு. அடிமையாப் பிடிபட்டுக் கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஆக்கள் அங்க கிடைச்ச குடுவையில திரும்பச் செய்தினம். 1800களின்ர நடுவில வெள்ளைக்காரர் முகத்தில கரி பூசி, கறுப்பின ஆக்களை நக்கலடிச்சு ஆடின மேடைக் கூத்துகளாலதான் அது வெள்ளை ஆக்களுக்கை பரவினது, பிறகு போகப் போக அது அமெரிக்க மலைப்பக்கத்து வெள்ளைக்காரரின்ர வாத்தியம் எண்டே உலகம் நம்பிட்டுது, கறுப்பினப் பெடியளுக்கே அது தங்கடை எண்டு தெரியாமப் போச்சு. இதைச் சொல்லேக்க எனக்குக் கோவம் வாறது, ஆனா கதை அதோட முடியேல்ல.

வட கரோலினாவில மெபேன் எண்ட ஊரில ஜோ தொம்சன் எண்டு ஒரு கறுப்பின வயலின்காரர், வயசு 80ஐத் தாண்டின மனிசன், பழைய வாசிப்பை விடாம வைச்சிருந்தவர். 2005 இல றியன்னன் கிடன்ஸ் எண்ட பாட்டுக்காரியும் ரெண்டு பெடியளும் வாராவாரம் அவரின்ர வீட்டை போய் இருந்து, நொட்ஸ் கொப்பி ஒண்டும் இல்லாம, அவர் வாசிக்க வாசிக்கக் கூட வாசிச்சே பழகிச்சினம். அந்தக் குழு, கரோலினா சொக்லற் ட்ரொப்ஸ், 2011 இல மரபு நாட்டுப்புற அல்பத்துக்கான கிராமி வாங்கினது. கிழவர் 2012 இல மோசம் போனவர், ஆனா அவரின்ர வில் இழுப்பு பெரிய பெரிய பெஸ்டிவல் மேடையளில இப்பவும் கேக்குது. எங்கட கூத்துப் பழக்கிற அண்ணாவிமார் சொல்லிக் குடுக்கிறதும் இப்பிடித்தானே, வாயால, கையால.

ஆபிரிக்காவெண்டா தூரம் எண்டு நினைக்காதேங்கோ. மன்னாரில இருந்து தெற்க இறங்கினா புத்தளம், அங்க சிறாம்பியடியில ஆபிரிக்க வழி வந்த ஆக்கள் இருக்கினம், மஞ்சா எண்டு ஒரு ஆட்டம் பாட்டு, மேளத்தோட சிரட்டை, போத்தில், கரண்டி எல்லாம் தட்டிப் பாடுவினம். இங்க ஒரு வெளி மேடை போட்டா முதல் கூப்பிட வேண்டிய ஆக்களில அவை ஒரு கூட்டம்.

நெஞ்சில தகரம் போட்டுக்கொண்டு சுரண்டுற மனிசன் ஆர்? மகன் பாத்திட்டு வீட்டை இருந்த தகரத்தை எடுத்துப் போட்டான். – விசுவமடு வாசகி

தகரத்தின்ர விளிம்பு கவனம் தங்கச்சி, ஏற்பு ஊசி போட வேண்டி வரும். அது லூசியானாக் கறுப்பின ஆக்களின்ர ஸைடிகோ எண்ட ஆட்ட இசை. வரி வரியா மடிச்ச தகரம், தோளில கொழுவிச் சட்டை மாதிரிப் போடுவினம், கையில கரண்டியோ போத்தில் திறப்பானோ. உடுப்புத் தோய்க்கிற பலகையிலதான் முந்தி சுரண்டினவை. தோளில கொழுவுற மாதிரி ஒண்டைச் செய்விச்சது கிளிப்டன் செனியே எண்ட பெரிய அக்கோடியன்காரரும் அவரின்ர தமையனும் எண்டு சொல்லுறவை. அந்தப் பக்கத்திலயே வெள்ளை ஆக்கள் வாசிக்கிறது கேஜன். அவையின்ர முன்னோர் கனடாக் கரையில அக்காடியாவில இருந்த பிரெஞ்சு விவசாயியள், 1755 இல தொடங்கி பிரிட்டிஷ்காரர் வீட்டை எரிச்சு, குடும்பங்களைப் பிரிச்சுக் கப்பலில ஏத்தி விட்டினம், அலைஞ்சு திரிஞ்ச ஆக்களில ஒரு பகுதி லூசியானாச் சதுப்பு நிலத்தில வந்து சேந்தது. இடம்பெயர்வு எண்டா என்னெண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. ஆனா அவையின்ர பாட்டுக்கு ஆக்கள் சோடி சோடியா ஆடுவினம், அழ மாட்டினம்.

கொலை நடந்த கதையைப் பாட்டாப் பாட, சனம் கைதட்டுது. இது என்ன பழக்கம்? – புதுக்குடியிருப்பு வாசகி

அமெரிக்க மலைப்பக்கத்து ஆக்கள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்தில இருந்து கொண்டு வந்த கதைப் பாட்டுப் பழக்கம் அது. ஒண்டு சொல்லுறன். வட கரோலினா வில்க்ஸ் மாவட்டத்தில 1866 இல லோரா பொஸ்ரர் எண்ட பிள்ளையைக் கொலை செய்தது எண்டு, உள்நாட்டு யுத்தத்தால திரும்பி வந்த டொம் டூலா எண்டவரை 1868 இல தூக்கில போட்டினம். ஊரில அது பாட்டாப் போய், 90 வருசம் கழிச்சு 1958 இல ஒரு மூவர் குழு பாடி நாடு முழுக்கக் கேட்டது. இப்ப அதே மாவட்டத்திலதான் மேர்ள்பெஸ்ட் எண்ட பெஸ்டிவல் நடக்குது. கண் தெரியாத கிற்றார் மேதை டொக் வற்சன், 1985 இல ட்ரக்ரர் பிரண்டு செத்துப்போன தன்ர மகன் மேர்ளின்ர நினைவா 1988 இல அங்கத்தக் கொலிஜ் வளவில தொடக்கி வைச்சது.

எங்களிட்ட மட்டும் என்ன, குமுழமுனைப் பக்கத்து அரியாத்தை கதை தெரியாதோ? ஆம்பிளையள் பயந்த யானையைப் பிடிச்சுக் கட்டின பொம்பிளையைப் பொறாமையில வெத்திலையில நஞ்சு வைச்சுக் கொலை செய்தவை எண்டு ஒப்பாரியாவே இருக்கு. அதை மைக்கில பாடினா நானும் கைதட்டுவன்.

சவுண்ட் சேர்விஸ் வைச்சிருக்கிறன். அஞ்சு பேருக்கு ஒரே ஒரு மைக் வைச்சிருக்கினம், வசதி இல்லாமலோ? – மாங்குளம்

அந்த ஒரு மைக்கின்ர விலை உங்கட பத்து மைக்குக்குச் சமனா இருக்கும். அது பெரிய டயப்பிரம் உள்ள கொண்டென்சர் மைக், 48 வோல்ற் பன்ரம் பவர் குடுக்க வேணும், ரெண்டு மூண்டு அடி தள்ளி நிண்டாலும் பிடிக்கும். எஸ்எம் 58 மாதிரிச் சாதாரணக் கை மைக்கில வாயைக் கொண்டு போய் ஒட்டாட்டி எடுபடாது, அதை நடுவில வைச்சு இதைச் செய்ய ஏலாது. வயலின்காரனுக்கு முறை வந்தா அவன் கிட்ட வருவான், மற்றவை ஒரு அடி பின்னுக்கு, பாட்டுக்காரி வந்தா வயலின் விலகும், ஆரும் ஆரோடயும் முட்டாம அப்பிடியே சுத்துவினம். மிக்சர் செய்யிற வேலையை அவையின்ர காலே செய்யுது. மேடையில பாடுறவையைப் பாத்து வைக்கிற மொனிற்றர் ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி கூவும். வெளியில காத்துக்கு ஸ்பொஞ்ச் கவர் கட்டாயம். சத்தம் கொஞ்சம் குறையத்தான் இருக்கும், ஸ்பீக்கர் பெட்டியைக் கோபுரம் மாதிரி அடுக்கினாத்தான் விழா எண்டு நினைக்கிற கொமிற்றிக்கு இது சரிவராது. மத்தளத்தை மட்டும் நல்லாப் பின்னுக்கு இருத்துங்கோ.

கூத்துக்குக் கீபோர்ட் சேர்ப்பம் எண்டா அண்ணாவியார் பேசுறார். – முள்ளியவளைப் பெடியள்

உங்கட மாதிரிச் சண்டை அங்கயும் நடந்தது. 1965 யூலை 25, நியூபோர்ட் மேடையில, அங்க அதுவரை சாதாரணக் கிற்றாரோட பாடின பொப் டிலான் எண்ட பாட்டுக்காரர் எலெக்ரிக் கிற்றாரோட ஏறினவர், சனத்தில ஒரு பகுதி கூவினது, ஏன் கூவினது எண்டு இன்னும் அடிபடுகினம், பாட்டுக்கோ, சவுண்ட் மோசத்துக்கோ, மூண்டு பாட்டோட இறங்கினதுக்கோ. அவர் திரும்பச் சாதாரணக் கிற்றாரோட வந்து ரெண்டு பாட்டுப் பாடிட்டுத்தான் போனவர். டொக் வற்சன் இந்தச் சண்டைக்குள்ள போகேல்ல, தன்ர பெஸ்டிவலில மரபும் வரலாம், அதோட மனசுக்குப் பிடிச்ச வேறயும் வரலாம் எண்டிட்டார். என்னைக் கேட்டா, கோவலன் கூத்தை முதல் முழுசாப் பழகுங்கோ, மத்தளமும் சல்லாரியும் மட்டும் வைச்சு ஒரு இரவு ஆடி முடியுங்கோ. பிறகு கீபோர்ட்டோட தனி மேடையில வேற ஒண்டு செய்யுங்கோ, அண்ணாவியாரையும் முன்வரிசையில இருத்தி. ஆர்மோனியமும் ஒரு காலத்தில கப்பலில வந்ததுதான் எண்டு அவருக்கு நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம்.

இப்பிடி ஒண்டு வன்னியில நடத்தினா சரிவருமோ? – மல்லாவி வாசகர்

வரும், ஆனா நாங்கள் விழா செய்யிற விதத்தை மாத்தினாத்தான். இங்க என்ன நடக்குது, பறை அடிக்கிறவையை விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வர வாசல் மட்டும் விடுறது, கூத்துக்காரருக்குப் பத்து நிமிசம், பேச்சாளருக்கு முக்கால் மணித்தியாலம், பிறகு பாண்ட் வந்து விடியும் வரை சினிமாப் பாட்டு. அங்க பெரிய மேடையை விடச் சின்ன மேடையள்தான் எனக்குப் பிடிச்சது, பகல் வெயிலில மரத்துக்குக் கீழ கிழவர் ஒராள் இருந்து இந்தப் பாட்டு எங்கால வந்தது, இந்த விரல் ஏன் இப்பிடிப் போகுது எண்டு கதைச்சுக் கதைச்சு வாசிப்பார், சுத்தி ஒரு அம்பது பேர், அதில கனபேரின்ர மடியில வாத்தியம்.

மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் எண்ட மனிசனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். 1928 இல சில பாட்டு றெக்கோட் பண்ணினவர், விக்கேல்ல, ஊருக்குத் திரும்பி வயலும் மாடுமா இருந்திட்டார். 1963 இல பழைய இசைத்தட்டில அவர் தன்ர ஊர்ப் பேரைப் பாடியிருக்கிறதைக் கேட்டு, அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டு தேடிப் போய்க் கண்டு பிடிச்சினம், அதே வருசம் நியூபோர்ட் மேடை. கடைசி மூண்டு வருசம் நாடு அவரைக் கேட்டது, 1966 இல மோசம் போனவர். எங்கட ஆக்களிட்ட இசைத்தட்டுக் கூட இல்ல, கூத்துக் கொப்பியளும் இடம்பெயர்வில கனக்கப் போச்சு, மிச்சம் இருக்கிறது தலைக்குள்ளதான்.

காசு? சான் பிரான்சிஸ்கோவில ஒரு பணக்காரப் பாஞ்சோப் பைத்தியம், வொறன் ஹெல்மன், 2001 இல இருந்து பார்க்கில ரிக்கெற் இல்லாம நடத்தினவர், 2011 இல அவர் செத்த பிறகும் நடக்குது. அப்பிடி ஒராள் எங்களுக்கு இல்ல, ஆனா மேர்ள்பெஸ்ட் மாதிரிப் பள்ளிக்கூட வளவு இருக்கு, வகுப்பறைக்குப் பின்னால வேப்பமரமும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள வைக்காதேங்கோ, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலோடயும் முட்டாதேங்கோ, காலபோக அறுவடை முடிஞ்சு கையில நாலு காசும் நேரமும் இருக்கிற பங்குனிதான் தோது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்து, அருவிவெட்டுப் பாட்டுத் தெரிஞ்ச அம்மாமார், மஞ்சாக்காரர், எல்லாருக்கும் பெரியாளுக்குக் குடுக்கிற அதே நேரமும் கைக்கு முழுக் காசும். பொன்னாடை போத்தி அனுப்புறது சம்பளம் இல்ல.

உங்கட ஊரில கொப்பியோ தலையிலயோ கூத்து வைச்சிருக்கிற அண்ணாவியார் இருந்தா ஊர்ப் பேரையும் கூத்தின்ர பேரையும் எழுதி அனுப்புங்கோ, வாற இதழில பட்டியலாப் போடுறன், போன் நம்பர் வேண்டாம்.